கடைசி நிமிச ரேட்

ரேஸ் ஆடறவன்னு நெனச்சுட்டீங்களா? அட, இல்லீங்க. கையில இருக்கற இந்த ரேஸ் புக்கப் பாத்துட்டுக் கேக்கறீங்க. இதுல குதிரை பேரு போட்டிருக்கும், அவ்வளவுதான். நான் குதிரை மேல பணம் கட்டறவன் இல்லீங்க. குதிரையப் பத்தி எனக்கு என்னங்க தெரியும்? நாலு காலு இருக்கும், கொள்ளு திங்கும். நான் கட்டறது மனுசன் மேல. விசயம் தெரிஞ்ச மனுசன் மேல. அது வேற, சூதாட்டம் வேற. எங்கூட்டுக்காரி மரகதத்துகிட்ட இதச் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. அவ மண்டையில ஏறல. நீங்க படிச்சவராட்டம் தெரியறீங்க, உங்களுக்குப் புரியும்.

ஏனுங்க, வண்டி நின்னுருச்சு? பர்லியாறு இன்னும் தாண்டலியே! கண்டக்டரு, என்னாச்சுங்க முன்னால? வேன் ஒண்ணு வளைவுல நின்னுருச்சாமா? எப்ப எடுப்பாங்களாம்? தெரியாதா? நல்லாச் சொன்னீங்க போங்க.

சீசன்ல ஞாயித்துக்கெழம ஊட்டி ரோட்டுல வந்தா இதான் கதி. மத்த நாளா இருந்தா நான் கவலப்பட மாட்டனுங்க. இன்னிக்கு அப்படி இல்ல. இன்னிக்குப் பொழுதோட, சாயங்காலமா, எம் பொண்ணுக்கு உறுதி வார்த்தை, நிச்சயதார்த்தமுங்க. ஒரே பொண்ணு, சிந்துஜா. மாப்ளை ஊட்டுக்காரங்க பொள்ளாச்சிப் பக்கம். வந்து, தட்டம் வெச்சு, உப்புச் சக்கர மாத்தி, பேசி முடிக்கறாங்க. தகப்பன் நான் உக்காரோணுமில்லீங்க? அதனால மேல போறேன், ஒரே ஒரு ரேஸ் பாக்கறேன், அடுத்த பஸ்ஸப் புடிச்சுக் கீழ எறங்கிர்றேன். போன வருசம் ஆனாப்ல இந்த வருசம் ஆயிரக் கூடாது. ஆவாது. நான் பாத்துக்குவேன்.

போன வருசம் என்னாச்சுங்களா? சொல்றேன். வண்டிதான் நிக்குதே.

எனக்குக் கணபதியில லேத் பட்டறைங்க. பம்புக்கு ஷாஃப்ட் கடையறது. திருப்பூருல லிங்கப்பன்னு ஒரு சிநேகிதன், பனியன் வேஸ்ட் யாவாரம். அவந்தான் ஒருக்கா ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போனான். மொத நாளு நான் அஞ்சு பைசா கட்டலீங்க. சும்மா பலகையவே பாத்துட்டு நின்னேன். அங்க பந்தயப் பணம் வாங்கற புக்கிங்க வரிசையா நிப்பாங்க, ஒவ்வொருத்தன் தலைக்கு மேலயும் ஒரு பலகை, அதுல ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு ரேட். ஒண்ணுக்கு எட்டுன்னா, ஒரு ரூவா கட்டி குதிரை ஜெயிச்சா எட்டு ரூவா லாபம். எந்தக் குதிரை மேல பணம் எச்சா விழுகுதோ அதுக்கு ரேட் எறங்கும். இது அங்க கடலை விக்கறவனுக்கும் தெரியும்.

அவனுக்குத் தெரியாதது எனக்குத் தெரிஞ்சுது. அந்த ரேட் கடைசி வரைக்கும் பொய்யுங்க! குதிரைங்க ஓடக் கெளம்பற எடத்துக்குப் போயிரும். மைக்குல பேசறவன் கொரலு மாறும். அப்பத்தான், ஏதோ ஒரு குதிரைக்கு எட்டு ஆறாகும். ஆறு நாலாகும். சாக்பீஸ் காயறதுக்குள்ள நாலு ரெண்டாகும். அப்படின்னா என்னங்க அர்த்தம்? லாயத்துக்குள்ள விசயம் தெரிஞ்ச ஆரோ, கடைசி நிமிசம் வரைக்கும் வாயக் கட்டி வெச்சிருந்துட்டு, இப்பக் கொண்டாந்து கொட்டறான்னு அர்த்தம். நான் அது வரைக்கும் கையக் கட்டிட்டு நிப்பேன். விழுகுதா, பாய்வேன். இதான் நம்ம முறை. மூளைங்க, வேற ஒண்ணுமில்ல.

போன சீசன் முழுக்க அப்படித்தான் பண்ணுனேன். பத்துக்கு நாலு ஜெயிச்சேன். பத்துக்கு நாலுங்க! எவன் அடிச்சான் அப்படி? லிங்கப்பன் என்னைய 'ஜோசியரே'ன்னுதான் கூப்புடுவான். என்ன ஒண்ணு, நான் கட்டப் போறப்ப ரேட் எறங்கிக் கெடக்கும். ஒண்ணுக்கு ஒண்ணு, சில நாளு அதுவும் இல்ல. அதனால பாத்தீங்கன்னா, ஜெயிச்ச அன்னிக்கு வந்தது தோத்த அன்னிக்குப் பத்தல. சீசன் பாதியில பட்டறையில ஒரு லேத்த வித்தனுங்க. அது இதனால இல்ல. அது பழசு.

மரகதம் அப்பத்தான் ஒரு கேள்வி கேட்டா. கறிக்கு அரிஞ்சுட்டே கேட்டா, தலையக் கூட நிமிரல. "ஏனுங்க, வெடியால உழவர் சந்தைக்குப் போறவன் நல்ல தக்காளியாப் பாத்து கொறஞ்ச வெலைக்கு வாங்கிட்டுப் போயர்றான். நீங்க மத்தியானமாப் போயி, அவன் பையில இருக்கறதப் பாத்து, அதே தக்காளிய மூணு பங்கு வெலை குடுத்து வாங்கறீங்க. தக்காளி நல்ல தக்காளிதான். நான் இல்லீங்கல. உங்களுக்கு இதுல என்ன மிச்சம்?" அப்படிங்கறா.

தக்காளியும் குதிரையும் ஒண்ணாடீன்னேன். அவ அடுத்த காய எடுத்து அரிஞ்சா. நான் கேட்டது நாயந்தானுங்களே?

இருங்க, ஆரன் அடிக்கறாங்க, நகருதா பாக்கறேன். இல்ல. பின்னால ஒரு கார்க்காரன், சும்மா அமுக்கறான். அவசரத்துல அண்டாக்குள்ளயும் கை போவாதுன்னு சும்மாவா சொன்னாங்க.

அந்தக் கடைசி நாள் சங்கதிக்கு வர்றேன். சீசனோட கடைசி ரேஸ் நாளு. அன்னிக்கும் சிந்துஜாவுக்கு உறுதி வார்த்தைதாங்க. அது வேற எடம், அவிநாசிக்காரங்க. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால வர்றதாப் பேச்சு. மத்தியானமே எறங்கிருவேன்னு மரகதத்துகிட்ட சத்தியம் பண்ணிட்டுப் போனேன். எறங்கியும் இருப்பேன். மஞ்சு வந்துருச்சுங்க. எதுத்தாப்ல நிக்கற ஆளு தெரியாத மஞ்சு. கூடவே தூறலு. ரேஸத் தள்ளி வெச்சாங்க. இப்ப விட்டுரும், இப்ப விட்டுரும்னு நிக்கறோம். கூட்டம் பூராக் கலஞ்சு போச்சு. புக்கிங்களும் கொடையப் புடிச்சுட்டு நாலஞ்சு பேருதான் நின்னாங்க.

லிங்கப்பன் சொன்னான், "சென்னியப்பா, நீ கெளம்பு. பொண்ணு விசேசத்த வெச்சுட்டு இங்க என்ன நிக்கற?" நான் போயிருக்கலாம். ஆனா ரேட் இன்னும் அசையலீங்க! ரேட் அசையாம எப்படிங்க போறது? அது அசையறதப் பாக்கத்தான இத்தன நேரம் நின்னது.

மஞ்சு கொஞ்சம் வெலகுச்சு. லிங்கப்பன் பக்கத்துல இல்ல, எங்க போனான்னு பாக்கல. குதிரைங்க போயிருச்சு. பலகையில காப்பர் பெல்னு ஒரு குதிரை, ஒண்ணுக்கு எட்டு. எனக்கு உள்ளுக்குள்ள என்னமோ சொல்லுச்சு. இந்தப் பக்கம் நின்ன புக்கிகிட்டக் கொஞ்சம் கட்டுனேன். கட்டுன ஒடனே அழிச்சு ஆறுன்னு எழுதறான். பாத்தீங்களான்னேன் மனசுக்குள்ள. திரும்பிப் பாக்கறேன், அந்தப் பக்கம் கடைசியில நிக்கற புக்கியும் அதே குதிரைக்கு அழிச்சு அஞ்சுன்னு எழுதறான்! எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிருச்சுங்க. ரெண்டு பக்கமும் விழுகுது. அப்ப விசயம் தெரிஞ்ச பெரிய கை எறங்கிருச்சு. பைக்குள்ள கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுக்க வெச்சிருந்த பணம். எடுத்தேன். இந்தப் பக்கம் கட்டுனேன். இவன் நாலுன்னு எழுதறான். அந்தப் பக்கம் மூணு. மறுபடியும் கட்டுனேன். இங்க ரெண்டரை. அங்க ரெண்டு. என் ஆயுசுல ஒரு ரேட் அப்படி விழுந்து நான் பாத்ததில்ல.

குதிரை? அது வந்துச்சுங்க. எல்லாம் வந்த பொறவு வந்துச்சு.

அப்புறம் டீக்கடையில ஒதுங்கி நிக்கறோம். லிங்கப்பன் மொகம் செத்துக் கெடக்குது. நீயும் கட்டுனயாடான்னேன். "ஆமா, அந்தக் கடைசி ஆளுகிட்ட. இந்தப் பக்கம் ரேட் எறங்கறதப் பாத்துட்டுத்தான் கட்டுனேன். எறங்க எறங்கக் கட்டுனேன். நீ எங்க கட்டுன?" அப்படின்னான். நான் இந்தப் பக்கத்து ஆளுகிட்டன்னேன். அந்தப் பக்கம் எறங்கறதப் பாத்துட்டுன்னேன். அவன் என்னையப் பாக்கறான். நான் அவனப் பாக்கறேன். அப்புறம் சிரிச்சான் பாருங்க, டீ பூராச் சட்டையில ஊத்திக்கிச்சு. ஏன் சிரிச்சான்னு எனக்கு இன்னி வரைக்கும் வெளங்கல. தற்செயலுங்க அது. நடுவுல வேற எவனோ பெரிய கை போட்டிருப்பான். எங்க ரெண்டு பேரு காசுக்கா ரேட் அவ்வளவு விழுகும்? கூட்டம் இல்லதான், சின்ன புக்கிங்கதான், இருந்தாலும்.

ஊட்டுக்குப் போய்ச் சேந்தப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. அவிநாசிக்காரங்க காத்திருந்து பாத்துட்டு, 'தகப்பனுக்கே அக்கற இல்லாத ஊட்டுல நாங்க சம்பந்தம் பண்ணிக்கல'ன்னு தட்டத்த எடுத்துட்டுப் போயிட்டாங்க. இது நாயமுங்களா? மஞ்சு வந்தா மனுசன் என்ன பண்ணுவான்? மரகதம் எங்கூடப் பேசல. மச்சான் நாச்சிமுத்து, மரகதத்தோட தம்பி, வாசல்லயே என்னையத் தாண்டிப் போனான். வந்திருந்த ஒறம்பரைங்க, சொந்தபந்தமெல்லாம் ஒரு பார்வை பாத்தாங்க.

எம் பொண்ணு மட்டுந்தாங்க என்னைய நல்ல விதமாக் கேட்டா. பட்டுச் சேல கட்டி, பூ வெச்சுட்டு, கூடத்துல ஒத்தையில உக்காந்திருந்தா. நான் நனஞ்சு போயி நிக்கறேன். நிமுந்து பாத்து, "குதிரை ஜெயிச்சுதாப்பா?" அப்படின்னா. கல்யாணம் நின்னு போச்சேன்னு ஒரு வார்த்தை இல்ல. அழுகை இல்ல. அப்பனுக்குக் குதிரை ஜெயிச்சுதான்னுதான் கேட்டா. நான் ஜெயிச்சுருச்சு கண்ணுன்னு பொய் சொன்னேன். "சரிப்பா"ன்னுட்டு எந்திரிச்சு உள்ள போயிட்டா. அந்த மாதிரிப் பொண்ணு ஆருக்குங்க கெடைக்கும்?

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? தண்ணி வேணுமா? பாட்டில் இருக்குது, குடிங்க.

அப்புறம் ஒரு வருசமா ஒரு எடமும் கூடி வரல. ஊரு வாயி சும்மா இருக்குமா? பட்ட காலுலதான படும். இப்பத்தான் இந்தப் பொள்ளாச்சி எடம் வந்துச்சு. நல்ல பையன். சிந்துஜாவுக்குப் புடிச்சிருக்குது, அது அவ மொகத்துலயே தெரியுது. எனக்கும் உசுரு போறாப்ல பயமாத்தான் இருக்குது, இதுவும் தவறிருச்சுன்னா அந்தப் புள்ளைக்கு என்ன பதில் சொல்றதுன்னு. அதனால நான் இந்த வருசம் சீசனுக்கே போவல. ஒரு நாளு கூடப் போவல, நம்புங்க. இந்த ரேஸ் புக்குக் கூட சிந்துஜாதான் நேத்து வாங்கியாந்து குடுத்தா.

ஆமாங்க, அவளேதான்! "அப்பா, நாளைக்கு ரேஸ் இருக்குதில்ல? எனக்காக எத்தன நாளு போவாம இருக்கீங்க. வெடியாலப் போயி ஒண்ணே ஒண்ணு பாத்துட்டு வந்துருங்க, பொழுதோட போதும்"னா. மரகதம் சண்டைக்கு வருவான்னு பாத்தேன். வரலீங்க! இன்னிக்கு வெடியால எந்திரிச்சு புளிசோறு கட்டிக் குடுத்தா. எனக்கே ஆச்சரியம். மரகதம் காலங்காத்தால தலைக்கு ஊத்தி, பூ வெச்சுட்டு நிக்கறா. வாசல்ல பெருசா ஒரு கோலம். நான் கெளம்பறப்ப மச்சான் வேற வெள்ளை வேட்டி சட்டையில வந்து எறங்கறான். பொழுதோட விசேசத்துக்கு இப்பவே என்ன மாப்ளேன்னேன். வேலை கெடக்குதுங்க மாமான்னு உள்ள போயிட்டான். பொம்பளைங்களும் ஒறம்பரைங்களும் விசேசம்னா அப்படித்தான், காலையிலயே பரபரன்னு ஆரம்பிச்சுருவாங்க.

சிந்துஜா ஸ்கூட்டர்ல கொண்டாந்து பஸ் ஸ்டாண்டுல விட்டா. இந்த வண்டி கெளம்பற வரைக்கும் நின்னா. கெளம்புன பொறவுங்கூட நின்னா, கை காட்டுனா. பாசம்னா அதானுங்களே.

எத்தன மணிக்குங்களா? அஞ்சு மணிக்குங்க. பொழுதோட அஞ்சு மணி. அவ நாலு தடவ சொன்னா, அஞ்சு மணிக்குத்தானப்பா, மெதுவா வாங்கன்னு.

ஏனுங்க? அஞ்சு மணிக்கு என்ன? ஏன் வெரல மடக்கறீங்க?

ஞாயித்துக்கெழம. நாலரை, ஆறு. அட ஆமா, ராகு காலம்.

மறந்திருப்பாங்க. அவசரத்துல பாத்திருக்க மாட்டாங்க. நீங்க ஒண்ணு. இந்தக் காலத்துல ஆருங்க அதெல்லாம் பாக்கறாங்க?

எங்க மச்சான் பாப்பானுங்க. புதுச் செருப்பு காலுல மாட்டறதுக்கே ராகு காலம் பாக்கறவன் அவன். பொள்ளாச்சிக்காரங்களும் பாப்பாங்க. மொத மொத வந்தப்பவே எமகண்டம் போவட்டும்னு கார்லயே உக்காந்திருந்தவங்க. அவங்க எப்படி அஞ்சு மணிக்கு?

அப்ப காலையில. காலையிலங்களா? இப்பங்களா?

கோலம் போட்டது. வேட்டி சட்டையில வந்தது. பஸ்சு கெளம்புற வரைக்கும் நின்னா பாருங்க, அது நான் போயிட்டனான்னு பாக்கறதுக்கு. பலகையில ஒரு நெம்பரு மாறுனா நான் கண்டுபுடிச்சுருவேன். எங்கூட்டு வாசல்ல அத்தனையும் மாறிக் கெடந்துச்சு, அதத் தாண்டி மிதிச்சுட்டு வந்து வண்டி ஏறியிருக்கேன்.

கண்டக்டரு! வழி விடுங்க, நான் எறங்கோணும். எதுத்தாப்ல கீழ போற வண்டி நிக்குதில்ல, அதுல ஏறிக்கறேன். இருங்க, ஒரு நிமிசம், ஒரு போன் பண்ணிக்கறேன். மரகதம் எடுக்கல. மச்சான், அடிக்க அடிக்கக் கட் பண்றான். சிந்துஜாவுக்குப் பண்றேன். அடிக்குது. எடுத்துட்டா.

அம்மிணி. ஆமா கண்ணு, அப்பாதான். பர்லியாறுகிட்ட வண்டி நின்னுருச்சு சாமி. இல்ல இல்ல, ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன். அதென்ன மேளச் சத்தம்? டிவியா? சரி. டிவிதான். சத்தமா வெச்சிருக்காங்களாட்ட இருக்குது.

அம்மிணி, அப்பா சொல்றதக் கேளு. இங்க வண்டி நகர்றாப்ல தெரியல. நான் அஞ்சு மணிக்கு வந்து சேருவேனான்னு தெரியல. எனக்காக ஆரும் காத்திருக்க வேண்டாம். மாமன என் எடத்துல உக்காரச் சொல்லு. உப்புச் சக்கரய மாத்திக்கங்க. நான் சொன்னேன்னு சொல்லு. அப்பாவுக்கு இதுல ஒரு வருத்தமும் இல்ல, முழு மனசாத்தான் சொல்றேன்னு அவங்ககிட்டயும் சொல்லு.

அம்மிணி? கேக்குதா?

அழுவாத கண்ணு. மையி கலஞ்சுரும்.

வெச்சுட்டேனுங்க.

என்னங்க கண்டக்டரு? எறங்கறதுன்னா இப்பவே எறங்கோணுமா? முன்னால வழி விட்டுருச்சா? இல்லீங்க. நான் எறங்கல. எடுங்க.